ஒரு தாள் தடிமனில் தப்பும் குறி!

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். லென்ஸில் கீறல் இல்லை, பவரும் மாறவில்லை. ஆனாலும் இரண்டு நாளாகத் தலைவலி. கண்ணாடிக் கடைக்குப் போனால், கடைக்காரர் ஃப்ரேமை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். ஊசி மாதிரி இருக்கும் ஸ்க்ரூ டிரைவரால் காதுப் பக்கம் ஒரு திருகு, மூக்குப் பக்கம் லேசாக ஒரு வளைப்பு. ‘இப்ப போட்டுப் பாருங்க’ என்பார். சரியாகிவிடும். பல நேரம் காசுகூட வாங்க மாட்டார்.

பார்க்க உதவுவது லென்ஸ்தான். ஆனால், அந்த லென்ஸ் எங்கே, எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நாம் கண்டுகொள்ளாத கம்பியும் ஸ்க்ரூவும்தான்.

இதே விஷயம் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சுவீடனிலும் காட்டுக்குள் போகும் வேட்டைக்காரர்களுக்கும் பொருந்தும். அவர்களுடைய துப்பாக்கியின் மேல் ஒரு தொலைநோக்கி இருக்கும். எல்லோரும் ‘ஸ்கோப்’ என்று சொல்வது அதைத்தான். எந்த கம்பெனி ஸ்கோப், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், என்ன விலை என்றெல்லாம் பேசுவார்கள். ஆனால், அந்த ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைத்திருக்கும் சின்ன உலோகத் துண்டைப் பற்றிப் பேச்சே வராது. அதன் பெயர் மவுன்ட். கண்ணாடி ஃப்ரேம் தளர்ந்தால் நமக்குத் தலைவலி வரும். மவுன்ட் தளர்ந்தால், வலி இன்னோர் உயிருக்கு.

பச்சைப் பரீட்சை

‘வேட்டையே தப்பு, அதில் துல்லியம் என்ன வேண்டிக்கிடக்கிறது?’ என்று கேட்கத் தோன்றும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்த நாட்டிலிருந்து பார்த்தால் அது நியாயமான கேள்விதான். அங்கே நிலைமை வேறு. ஜெர்மனியில் ஓநாயும் கரடியும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே துரத்தித் தீர்க்கப்பட்டுவிட்டன. ஓநாய்கள் இப்போதுதான் திரும்பி வருகின்றன. அடித்துத் தின்ன ஆள் இல்லாததால் மான்கள் பெருகுகின்றன. புதிதாக நட்ட மரக்கன்றுகளின் குருத்தைக் கடித்துவிடுகின்றன. காட்டுப்பன்றிகள் மக்காச்சோள வயலுக்குள் இறங்குகின்றன. அதனால், ஆண்டுதோறும் இத்தனை விலங்குகளைச் சுட வேண்டும் என்று பல இடங்களில் திட்டமே போடுகிறார்கள். ரோ மான் என்ற சிறிய மான் மட்டும் ஜெர்மனியில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சுடப்படுகிறது.

சுடுவதற்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. விலங்குகள், சட்டம், ஆயுதம், வேட்டை நாய், இறைச்சிச் சுகாதாரம் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் படிக்க வேண்டும். ஊரில் இதற்குச் செல்லப் பெயர், ‘பச்சை ப்ளஸ் டூ’ என்ற பொருளில் ஒன்று. அந்த அளவுக்குப் பாடம் அதிகம்.

இதில் பாஸ் செய்து வருபவரின் மனதில் ஆழமாகப் பதியவைக்கப்படும் விஷயம் ஒன்று. சுட்டால் விலங்கு அதே இடத்தில், வலி தெரியும் முன்பே விழ வேண்டும். இல்லையென்றால் சுடவே கூடாது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதிதான் இலக்கு. ரோ மானுக்கு அது ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதற்கு நான்கு விரல் பின்னால் பட்டால் வயிறு. குண்டு பட்ட மான் விழாது, ஓடும். எங்கோ ஒரு புதருக்குள் பல மணி நேரம் கிடந்து சாகும்.

ஜெராக்ஸ் பேப்பர் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஸ்கோப்பை இரண்டு வளையங்கள் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் வளையத்தின் அடியில் ஒரே ஒரு ஜெராக்ஸ் பேப்பரைச் செருகுகிறோம். அதன் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்.

இப்போது ஸ்கோப் சாய்ந்துவிட்டது. எவ்வளவு? 120 மில்லிமீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர்; அதாவது 1,200-ல் ஒரு பங்கு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால், 100 மீட்டர் தள்ளி நிற்கும் மானிடம் போய்ச் சேரும்போது அந்தச் சாய்வு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். 200 மீட்டரில் பதினாறு சென்டிமீட்டருக்கு மேல். 300 மீட்டரில் 25 சென்டிமீட்டர்.

இதயத்துக்கும் வயிற்றுக்கும் இடையிலான தூரம் ஒரு தாளின் தடிமனுக்குள் அடங்கிவிடுகிறது. மவுன்ட் தயாரிப்பவர் தினமும் மல்லுக்கட்டுவது இந்த அளவோடுதான்.

சரி, அசையாமல் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் தொல்லை தீர்ந்ததே? தீராது. குழலிலிருந்து கிளம்பும் குண்டு நேர்கோட்டில் போவதில்லை. கிளம்பிய நொடியிலிருந்தே புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டுகூட 100 மீட்டர் போவதற்குள் சுமார் ஏழு சென்டிமீட்டர் இறங்கிவிடும். 200 மீட்டரில் சுமார் 30 சென்டிமீட்டர். ஸ்கோப்பும் குழலுக்குள் இல்லை; அதற்கு நான்கைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. எனவே, மேலிருந்து பார்க்கும் பார்வைக் கோடும் கீழிருந்து வளைந்து வரும் குண்டின் பாதையும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கும்படி ஸ்கோப்பைச் சாய்த்து வைத்தாக வேண்டும். குண்டின் எடை மாறினால், தூரம் மாறினால், அந்தச் சாய்வும் மாற வேண்டும்.

ஆக, மவுன்டிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். நகர்த்தும்போது, தாள் தடிமனில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமாக நகர வேண்டும். சுடும்போது, இம்மியும் நகரக் கூடாது. கடந்த 170 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் நடந்த மாற்றங்கள் எல்லாமே இந்த முரணைத் தீர்க்கச் செய்த முயற்சிகள்தான்.

திருகு அளவி ஞாபகமிருக்கிறதா?

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் சிராக்யூஸ் என்று ஒரு ஊர். அங்கே வில்லியம் மால்கம் என்பவர் 1855-ல் துப்பாக்கி ஸ்கோப் தயாரிக்க ஆரம்பித்தார். இன்றைய ஸ்கோப் போல ஒரு முழம் இல்லை அது. துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கே ஒல்லியான ஒரு பித்தளை அல்லது எஃகுக் குழாய். உள்ளே லென்ஸுகள் அசையாமல் இருக்கும். மேலே, கீழே, இடம், வலம் என்று திருத்துவதெல்லாம் வெளியே உள்ள மவுன்டில்தான். அதாவது, முழுக் குழாயையும் தூக்கி இறக்குவார்கள்.

இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொழில் நடத்திய ஜான் யூனெர்டல். அவருடைய மவுன்டைப் புரிந்துகொள்ள, பள்ளிக்கூட இயற்பியல் லேபில் பார்த்த திருகு அளவியை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு சுற்றுச் சுற்றினால் திருகு மிகச் சிறிய தூரம் முன்னேறும். அந்தச் சுற்றையும் பல கோடுகளாகப் பிரித்திருப்பார்கள். அதே திருகு அளவி இரண்டு. ஒன்று மேலிருந்து குழாயை அழுத்தும், இன்னொன்று பக்கத்திலிருந்து. எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங், குழாயைத் திருகுகளோடு ஒட்டியே வைத்திருக்கும். இரண்டு தாங்கிகளுக்கும் இடையே 7.2 அங்குலம். ஒரு ‘க்ளிக்’ திருகினால் குழாய் ஓர் அங்குலத்தில் 2,000-ல் ஒரு பங்கு நகரும். 100 கஜத்தில் குறி கால் அங்குலம் மாறும். கணக்கு அவ்வளவு சுத்தம்.

நகர்த்துவது சரி. நகராமல் இருப்பது? சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். கனமான அந்த நீளக் குழாயை இறுக்கிப் பிடித்தால் திருகுகள் அடிவாங்கும். எனவே, யூனெர்டல் வகையில் குழாயை வழுக்கவிட்டார்கள். துப்பாக்கி பின்னால் போகும். குழாய் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பார்ப்பவருக்குக் குழாய் முன்னால் நழுவியது போலத் தெரியும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அதைக் கையால் பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். பந்தயத்தில் சுடுபவருக்கு அது பரவாயில்லை. மழையில், சேற்றில், குளிரில் விரைத்த விரலோடு காட்டில் நிற்பவருக்கு அந்தச் சூட்சுமமான திருகுகளும் ஸ்பிரிங்கும் பெரும் சங்கடம்.

விளக்குக் கரியும் அரமும்

ஐரோப்பாவில் பிரச்னையை வேறு பக்கமிருந்து பிடித்தார்கள். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் ஸூல் என்ற ஊர், பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் போனது. துப்பாக்கிகளுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஊர் பெயரிலேயே ஒரு மவுன்ட் உண்டு: ஸூல் கொக்கி மவுன்ட்.

ஸ்கோப்பின் அடியில் முன்பக்கமும் பின்பக்கமும் நகம் போன்ற கொக்கிகள். துப்பாக்கியின் மேல் அவற்றுக்குப் பொருத்தமான பள்ளங்கள். முன் கொக்கியைச் சாய்வாக நுழைத்து, பின்பக்கத்தைக் கீழே அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். ஒரு பொத்தானை இழுத்தால் கழன்று கையோடு வந்துவிடும். எந்தக் கருவியும் வேண்டாம்.

ஏன் கழற்ற வேண்டும்? காலையிலும் அந்தியிலும் மரத்தின் மேல் கட்டிய பரணில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு ஸ்கோப் வேண்டும். அதே ஆள் நாயோடு புதருக்குள் நுழையும்போது, பத்தடி முன்னால் பன்றி பாய்ந்தால் ஸ்கோப்புக்குள் கறுப்புத்தான் தெரியும். அப்போது வெறும் கண்ணால் குறிபார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்கோப்புகளில் பனிமூட்டம் உள்ளேயே படிந்துவிடும் தொல்லையும் இருந்தது. எனவே, கழற்றுவதும் மாட்டுவதும் அன்றாட வேலை. ஆனால், எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில், அதே தாள் தடிமனுக்குள்ளான துல்லியத்தில் போய் உட்கார வேண்டும்.

இதை மெஷின் செய்யவில்லை, கை செய்தது. கொக்கியின் மேல் விளக்குக் கரியைப் பூசுவார்கள். பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். எங்கே கரி அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி கரி, மறுபடி அழுத்தம், மறுபடி அரம். கரி எல்லா இடத்திலும் ஒரே சீராக அழியும் வரை இதேதான். நம் ஊர் ஆசாரி கதவையும் நிலையையும் இழைத்து இழைத்துப் பொருத்துவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. ஒரே வித்தியாசம், இங்கே ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

தாத்தாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் அங்கே இன்றும் உண்டு. ‘இதில் புது ஸ்கோப் மாட்டித் தாருங்கள்’ என்பார்கள். ஸ்கோப்பை மாற்றினாலும் அந்தக் கொக்கிகளை மறுபடி கையால் பொருத்தியாக வேண்டும். கூலியைக் கேட்டதும் பேரப்பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும். ‘இரண்டு வளையத்துக்கு இவ்வளவா?’ வளையத்துக்கு இல்லை. அந்தக் கரிக்கும் அரத்துக்கும்.

வேலை உள்ளே போனது

1930-ல் அமெரிக்கரான பில் வீவர் ஒரு ஸ்கோப் கொண்டுவந்தார். பெயர் 330. சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலை. மவுன்டும் எளிமையானது. பிற்பாடு அவர் தொழில் நடத்திய ஊர் டெக்சஸின் எல் பாஸோ. அந்த ஸ்கோப்பில், குறியைத் திருத்தும் வேலை மவுன்டிலிருந்து ஸ்கோப்புக்குள் போனது. குழாயின் மேல் உள்ள சின்னக் குமிழைத் திருகினால் போதும். மவுன்ட் தன் பாட்டுக்கு அசையாமல் இருக்கலாம். மவுன்டுக்கு இருந்த இரண்டு வேலையில் ஒன்று குறைந்தது.

முழுவதுமாகக் குறைந்ததா என்றால் இல்லை. ஆரம்ப கால ஸ்கோப்புகளில் குமிழைத் திருகினால் குறுக்குக் கோடே நகர்ந்து ஓர் ஓரத்துக்குப் போய்விடும். பார்க்க எரிச்சலாக இருக்கும். பல ஜெர்மன் ஸ்கோப்புகளில் மேல்-கீழ் திருத்தம் மட்டும்தான் உள்ளே. இடம்-வலம் திருத்தம் மவுன்டில். அமெரிக்காவில் டென்வர் நகரத்து ரெட்ஃபீல்டு நிறுவனத்தின் மவுன்ட் இதற்கு ஓர் அழகான வழி கண்டது. முன் வளையத்தின் அடியில் ஒரு வால். அதை அடிப்பலகையின் பள்ளத்தில் குறுக்காக நுழைத்து, 90 டிகிரி திருப்பினால் இறுகிக்கொள்ளும். பின் வளையத்தை இரண்டு பக்கமிருந்தும் இரண்டு ஸ்க்ரூக்கள் எதிரெதிராக நெருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் ஸ்கோப்பின் பின்பகுதி பக்கவாட்டில் நகரும். இரண்டையும் இறுக்கினால் அப்படியே நின்றுவிடும். நகர்த்துவதற்கும் பூட்டுவதற்கும் அதே இரண்டு ஸ்க்ரூக்கள்!

பர்ரிஸ் நிறுவனம் இன்னொரு யோசனை செய்தது. வளையத்துக்குள் பந்து போன்ற வளைவுள்ள பிளாஸ்டிக் பட்டைகள். அடிப்பலகை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பட்டை தானாகத் திரும்பி ஸ்கோப் குழாயை வளைக்காமல் தாங்கும். மேல் பாதி மெலிதாக, கீழ்ப் பாதி தடிமனாக உள்ள பட்டையைப் போட்டால் ஸ்கோப் தேவையான அளவுக்குச் சாயும். நகரும் பாகம் என்று எதுவும் இல்லாத சரிசெய்தல் இது. செருப்புக்குள் அட்டை வைத்து உயரம் சரிசெய்வது போலத்தான்.

நூறு கிலோ, இரண்டு சின்ன வளையம்

சுடும் கணத்தில் மவுன்டுக்கு என்ன நேர்கிறது? நான்கு கிலோ எடையுள்ள துப்பாக்கி, நொடிக்குச் சுமார் மூன்று மீட்டர் வேகத்தில் பின்னால் பாய்கிறது. மூன்று மீட்டர் பெரிய வேகமில்லை. நாம் விறுவிறுவென நடந்தால் அதில் பாதி. ஆனால், அந்த வேகத்தை அது எட்டுவது ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரத்துக்குள். மேலே 600 கிராம் ஸ்கோப் ‘நான் வரவில்லை’ என்று அடம் பிடிக்கிறது. அதை இழுத்துக்கொண்டு போக மவுன்ட் தாங்க வேண்டிய விசை, தோராயமாக நூறு கிலோ மூட்டையின் எடை. அடிப்பலகையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களோ பல துப்பாக்கிகளில் மூன்றரை மில்லிமீட்டர் தடிமன்தான்.

அதனால் நல்ல வடிவமைப்பில் ஸ்க்ரூவை நம்பி விசையை விடுவதில்லை. குறுக்கே ஒரு திண்டு, அதற்கு எதிராக ஒரு பள்ளம். உதையை அந்தத் திண்டு வாங்கிக்கொள்ளும். ஸ்க்ரூவின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. அமெரிக்க ராணுவம் 1995-ல் தரப்படுத்திய பிக்கட்டினி தண்டில், சீப்பின் பல் போல வரிசையாகப் பள்ளங்கள் இருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு பள்ளமும் 5.23 மில்லிமீட்டர் அகலம். அடுத்த பள்ளம் 10.01 மில்லிமீட்டர் தள்ளி. எந்த கம்பெனி மவுன்டாக இருந்தாலும் பொருந்தும். வேட்டைத் துப்பாக்கிகளும் இப்போது இதைத்தான் அதிகம் பயன்படுத்துகின்றன. ஸ்கோப்பை ஒரு பல் முன்னாலோ பின்னாலோ தள்ளிப் போட்டு, கண்ணுக்குச் சரியான தூரத்தில் வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை நிலா வரைந்துவிடும்.

‘அப்படியானால் நன்றாக இறுக்கிவிட வேண்டியதுதானே?’ வீட்டில் குழாய் ஒழுகினால் நாம் செய்வது அதுதான். இங்கே அது ஆபத்து. ஸ்கோப்பின் குழாய் மெல்லிய அலுமினியம். வளைய ஸ்க்ரூவை இரண்டு நியூட்டன் மீட்டர் அளவுக்கு மேல் இறுக்கினாலே பல ஸ்கோப்புகளில் குழாய் நசுங்க ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் திருத்தக் குழல் சிக்கிக்கொள்ளும். அதற்கு மேல் க்ளிக் எத்தனை திருகினாலும் குறி பொய் சொல்லும். அதனால்தான் இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்துகிறார்கள்.

வெயிலும் குளிரும் வேறு இருக்கின்றன. துப்பாக்கி எஃகு, ஸ்கோப் அலுமினியம். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல இரண்டு மடங்கு விரியும். கோடையில் 30 டிகிரியில் மாட்டிய ஸ்கோப், பனிக்காலத்தில் மைனஸ் 10-க்குப் போகும்போது, 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு உலோகத்துக்கும் இடையே 0.05 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அரை ஜெராக்ஸ் பேப்பர்! இரண்டு வளையத்தையும் ஒரே கட்டையில் குடைந்து எடுக்கும் மவுன்டுகள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். இழுவை மவுன்டுக்கும் துப்பாக்கிக்கும் இடையில் போய்விடும், ஸ்கோப் தப்பிக்கும்.

மறுபடி வெளியே வந்த திருகு

சுவாரசியம் என்னவென்றால், ஸ்கோப்புக்குள் போன சரிசெய்தல் இப்போது மறுபடி மவுன்டுக்கு வந்திருக்கிறது. காரணம், தூரம். ஸ்கோப்புக்குள் திருத்தக் குழல் நகர ஓரளவுதான் இடம். மிகத் தொலைவுக்குக் குறிவைக்க அது போதாது. எனவே, சாய்வான அடிப்பலகை வந்தது. பிறகு, சாய்வையே மாற்றிக்கொள்ளும் மவுன்ட் வந்தது. முன்பக்கம் கீல் போல ஒரு அச்சு; பின்பக்கத்தை ஆப்போ, மையம் விலகிய உருளையோ தூக்கும்; பிறகு ஒரு ஸ்க்ரூ எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டும். இந்த மாதிரி மவுன்டுகளில் ஜெர்மனியின் ரெக்நாகல் நிறுவனத்தின் எராடேக் வகை பெயர் பெற்றது. ஒரு டிகிரிக்குச் சற்று மேல் வரை சாய்க்கலாம். கேட்க ஒன்றுமில்லை. ஆனால், 100 மீட்டரில் அது இரண்டு மீட்டர் உயரம்!

மால்கம் காலத்துத் திருகுதான். உலோகமும் கடைசல் மெஷினும் மாறியிருக்கின்றன. நகர்த்தும் பாகத்தையும் பூட்டும் பாகத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். திருகும்போது பூட்டு திறந்திருக்கும். சுடும்போது திருகின் மேல் விசையே விழாது. பழைய முரணுக்குக் கிடைத்திருக்கும் நல்ல பதில் இது.

ஆனால், கருவி புதிய கேள்வியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 700 மீட்டருக்கும் மவுன்டைச் சாய்த்து வைக்கலாம். அவ்வளவு தூரம் போக குண்டுக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகும். மேய்ந்துகொண்டிருக்கும் மான் அந்த ஒரு நொடியில் ஓரடி எடுத்து வைத்தால்? மவுன்ட் துல்லியம், ஸ்கோப் துல்லியம், குண்டு போன இடமும் துல்லியம். மான் மட்டும் அங்கே இல்லை. அட்டைப் பலகையைச் சுடும் போட்டிக்காரர்களுக்கு இந்த மவுன்ட் வரம். காட்டில், ‘என் கருவிக்கு முடியும்’ என்பதும் ‘நான் சுடலாம்’ என்பதும் வேறு வேறு. எந்த ஸ்க்ரூவும் இந்த இடைவெளியை நிரப்பாது.

சுட்ட பிறகு தொடங்கும் இரவு

குண்டு பட்ட விலங்கு ஓடிவிட்டால் என்ன ஆகும்? ஜெர்மனியின் வேட்டைச் சட்டம், அதன் வேதனையைத் தாமதமில்லாமல் முடிக்க வேண்டும் என்கிறது. சுவீடனில் மான் போன்ற விலங்குகள் காயம்பட்டால், மோப்பம் பிடிக்கத் தெரிந்த நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். நார்வேயில் பெரிய விலங்குகளைச் சுடப் போகிறவர் ஆண்டுதோறும் தேர்வு எழுதுவது போலச் சுட்டுக்காட்ட வேண்டும். 100 மீட்டரில் ஐந்து குண்டு. ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். வாங்கிய லைசென்ஸ் இருந்தாலும் இது வேண்டும்.

நாயோடு வருபவர் முதலில் மண்டியிட்டு இலைகளைப் பார்ப்பார். இளஞ்சிவப்பு நுரை என்றால் நுரையீரல், பக்கத்திலேயே விழுந்திருக்கும். பச்சை கலந்திருந்தால் வயிறு. அப்போது யாரும் பேச மாட்டார்கள். ஜெர்மன் வேட்டைக்காரர்கள் ரத்தத்தை ரத்தம் என்று சொல்வதில்லை, ‘வியர்வை’ என்பார்கள். அந்தத் தடத்தைப் பிடிக்கும் நாய்க்கும் ‘வியர்வை நாய்’ என்றுதான் பெயர். நாய் கழுத்துப்பட்டை இழுக்க, டார்ச் வெளிச்சத்தில், முள்ளுக்குள் பின்னால் போக வேண்டும். சில நேரம் விடிந்துவிடும். சில நேரம் கிடைக்காது.

மறுநாள் துப்பாக்கியைப் பயிற்சித் திடலுக்குக் கொண்டுபோய் அட்டையில் சுட்டுப் பார்ப்பார்கள். குறி எட்டு சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். வண்டியில் எப்போதோ உருண்டு விழுந்ததில், பின் வளையத்தின் ஸ்க்ரூ கால் சுற்று தளர்ந்திருக்கும். ஸ்கோப் புதிது; விலை அதிகம்; கண்ணாடியில் தூசுகூட இல்லை.

இதனால்தான் கவனமானவர்கள் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்து வளையம் வரை பெயின்டால் மெல்லிய கோடு ஒன்று போட்டுவைக்கிறார்கள். ஸ்க்ரூ ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். பணச் செலவே இல்லாத வேலை. பரணுக்கு ஏறும் முன் டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. கோடு நேராக இருந்தால் மேலே ஏறலாம்.

உடைந்திருந்தால், மான் கண்ணெதிரே வந்து நின்றாலும் அன்றைக்கு அவர் வெறுமனே பார்த்துவிட்டு இறங்கிவர வேண்டியதுதான். வீட்டில், ‘என்ன, இன்றைக்கு ஒன்றும் வரவில்லையா?’ என்று கேட்பார்கள். வந்தது, சுடவில்லை என்று சொல்ல ஒரு வேட்டைக்காரருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால், பச்சைப் பரீட்சையில் அவர் படித்ததில் மிக முக்கியமான பாடம் அதுதான்.